விடிந்தால் அப்பா சொல்லவேண்டிய ஒரு சொல்

மகனே, முதலில் எனக்கு ஒரு சத்தியம் செய்து கொடு. இதை யாருக்கும் காட்டக் கூடாது. உன் மாமன்மாருக்கு வேண்டாம், கூட்டாளிகளுக்கு வேண்டாம், உன் அப்பாவுக்கும் வேண்டாம். அவர் யாரென்று எனக்கே இன்னும் தெரியாது, என்றாலும் காட்டாதே. முக்கியமாக என் அம்மாவின் கண்ணில் இது படவே கூடாது. அவள் இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறாள். டோர்ச் வெளிச்சம் கதவுக்குக் கீழே தெரியாமலிருக்க என் பழைய பள்ளிச் சட்டையைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.

நீ இன்னும் பிறக்கவில்லை, பிறக்க இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. எனக்கே பதினாறு வயதுதான். பிறக்காத பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறவளைப் பற்றி நீ என்ன நினைப்பாயோ தெரியாது. ஆனால் வேறு யாரிடம் சொல்வது? வகுப்புக் கூட்டாளியிடம் சொன்னால் இடைவேளை மணி அடிப்பதற்குள் பாடசாலை முழுக்கத் தெரிந்துவிடும். அம்மாவிடம் சொன்னால் அழுவாள். நீ வளர்ந்து, முதல் வேலைக்காக வீட்டைவிட்டுக் கிளம்புகிற அன்று இதை உன் கையில் தருவேன் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது உனக்கு மீசை இருக்கும். என்னைவிட உயரமாக இருப்பாய். அம்மா மாதிரிப் பேச எனக்கு இன்னும் வராது, பழகிக்கொண்டே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

விடிந்தால் என் அப்பாவுக்கு மாத்தளைக் கோட்டில் வழக்கு. நீதவான் முன்னால் குற்றச்சாட்டை வாசிப்பார்கள். பிறகு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். செய்தேன் என்றால் குற்றவாளி, செய்யவில்லை என்றால் சுற்றவாளி. அப்பா குற்றவாளி என்று சொல்வதாக இருக்கிறார். அவர் அதைச் செய்யவில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அங்கே இருந்தேன். நான் அங்கே இருந்தது அப்பாவுக்கும் எனக்கும் தவிர இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

உனக்கு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் மாலுபாணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உன் தாத்தா, அதாவது என் அப்பா, தம்புள்ளைப் பொருளாதார மையம் என்கிற பெரிய சந்தையிலிருந்து கண்டிக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர். லொறிக்காரர்களுக்குக் கோடு என்பது புதிய இடமில்லை. டயர் தேய்ந்திருந்தது, பாரம் கூடிவிட்டது, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியது என்று வருஷத்தில் ஓரிரு தடவை அழைப்பாணை வரும். அப்பா போவார், வரிசையில் நிற்பார், குற்றவாளி என்பார், தண்டத்தைக் கட்டுவார், வரும் வழியில் கோட்டுக்குப் பக்கத்துக் கடையில் எனக்கு உள்ளே மீன் வைத்த மாலுபாண் வாங்கி வருவார். சின்ன வயதில் கோடு என்றால் மாலுபாண் விற்கிற இடம் என்றே நான் நினைத்திருந்தேன். "அப்பா, எப்ப திரும்பக் கோட்டுக்குப் போவீங்க?" என்று ஆசையாகக் கேட்பேன். அம்மா தலையில் குட்டுவாள். அப்பா மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அந்த மையத்தில் சாரதிமார் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். "குத்தம்னு சொல்லு, தண்டத்தைக் கட்டு, லோட்டைத் தூக்கு" என்பார்கள். செய்தாயா இல்லையா என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. இல்லை என்று சொன்னால் வழக்கை இன்னொரு நாளுக்குத் தவணை போடுவார்கள், தவணைக்குப் போனால் அன்றைய பாரம் போய்விடும், கத்தரிக்காய் தவணை பார்த்துக்கொண்டு காத்திருக்காது. எனக்கு அது புரிகிறது. டயர் தேய்ந்திருந்தது உண்மை, அதற்குக் குற்றவாளி என்று சொன்னதும் சரி. ஆனால் அப்பாவுக்கு அந்தச் சொல் வாயில் பழகிப்போய்விட்டது. யாராவது தோளைத் தொட்டாலே குற்றவாளி என்று சொல்லிவிடுவார் போலிருக்கிறது.

போன விடுமுறையில் நான் தம்புள்ளையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது அப்பாவின் லொறியிலேயே வந்தேன். பின்னால் பூசணிக்காய், முன்னால் அப்பாவும் நானும். நல்ல மழை. நாலந்தாவைத் தாண்டிச் சற்று தூரத்தில் எதிர்ப்பக்கம் ஒரு பஸ் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. அதை முந்திக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் பக்கத்துக்கு வந்தது. அப்பா "ஐயோ முருகா" என்று கத்தியபடி இடது பக்கம் ஒடித்தார். இடது சில்லுகள் வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கின, நான் கதவோடு போய் மோதினேன். அப்படியும் அந்த சைக்கிள் வழுக்கி வந்து எங்கள் வலது மூலையில் அடித்தது. இதை நான் மனதுக்குள் எத்தனையோ தடவை திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எங்கள் சில்லுகள் கானுக்குள்தான் இருக்கின்றன.

அப்பா தன் தோள் துண்டால் அதை ஓட்டி வந்த அண்ணனின் காலைக் கட்டி, ஒரு த்ரீவீலை மறித்து ஏற்றிவிட்டார். பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். மழையில் நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். அவர் முகத்தில் அப்போதுதான் பயம் வந்தது. பின்னால் வந்த மாத்தளை பஸ்ஸை நிறுத்தி, தெரிந்த கொண்டக்டரிடம் என்னை ஏற்றினார்.

"தம்பி, இந்தப் புள்ளைய ஊருல பாத்து எறக்கிருங்க."

"அப்பா, நான் இருக்கேன்ப்பா."

"ஏறு. நீ இந்த லொறியில வரவே இல்ல, வெளங்குதா? பொலிஸ் பொஸ்தகத்துல பொம்பளப் புள்ள பேரு ஏறக் கூடாது."

பொலிஸில் அவர் தனியாக வந்ததாகச் சொல்லிவிட்டார். மகனே, அவர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார். எங்கள் ஆட்களில் எந்த அப்பாவும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் நடந்ததைப் பார்த்த ஒரே ஆளையும் தன் கையாலேயே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார் என்பது அவருக்கு அன்றைக்கும் தோன்றவில்லை, அதற்குப் பிறகும் தோன்றவில்லை. எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் அப்போதே போய்விட்டார்கள். கால் முறிந்த அண்ணன், லொறி நடு வீதிக்கு வந்தது என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் எழுதமாட்டேன். அந்த மழையில் விழுகிற ஒருவருக்கு என்ன தெரிந்திருக்கும்? அவருக்குக் கால் சரியாகிவிட வேண்டும் என்று நான் தினமும் சாமியிடம் கேட்கிறேன். அவருக்காகக் கேட்பது அப்பாவுக்கு எதிராகிவிடுமோ என்று ஒருநாள் பயந்தேன். ஆகாது என்று இப்போது நினைக்கிறேன்.

அப்பாவை விளக்கமறியலில் வைத்த அன்று எங்கள் வீடு இழவு வீடு மாதிரி ஆனது. பக்கத்து வீட்டு அக்கா தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்து, "எத்தன வருசமாம்?" என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மாவுக்கும் அது தண்டனை இல்லை என்று தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை. விளக்கமறியல் என்றால், விசாரணை முடியும்வரைக்கும் அல்லது பிணை கிடைக்கும்வரைக்கும் வைத்திருப்பது. அவ்வளவுதான். அங்கே இருக்கிற ஆளின் பெயர் சந்தேகநபர். சந்தேகப்படுகிறார்கள் என்றுதான் அர்த்தம், இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. இதை யாராவது அன்றைக்கு ஒரு வரியில் சொல்லியிருந்தால் அம்மா ஆக்கிய சோற்றை அப்படியே வெளியே கொட்டியிருக்கமாட்டாள்.

பிணை என்றதும் அம்மா தன் தோட்டைக் கழற்றிக் கைலேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு கோட்டுக்குப் போனாள். நானும் கூடப் போய் வெளியே நின்றேன். உள்ளே போனவள் கொஞ்ச நேரத்தில் குழம்பிப்போய்த் திரும்பி வந்தாள். "தங்கம் வேணாமாம்டி. ஆளுதான் வேணுமாம். கிராம சேவகர் கடுதாசியோட ரெண்டு ஆளு." அதற்குச் சரீரப் பிணை என்று பெயர். இந்த மனுஷன் ஓடமாட்டார், கூப்பிட்ட திகதிக்கு வருவார் என்று இரண்டு பேர் தங்கள் பெயரை வைத்துச் சொல்ல வேண்டும். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள், தங்கத்தைவிட ஆள் கிடைப்பது கஷ்டம் என்று நினைத்துவிட்டாள். ஆனால் மையத்தில் மூட்டை தூக்குகிற மாமா ஒருவர் வந்தார், ரத்தோட்டையிலிருந்து போஞ்சிக்காய் அனுப்புகிற சிங்கள ஐயா ஒருவர் வந்தார். அந்த ஐயா கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அப்பாவின் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார். "நீ வராட்டி நான் உள்ளுக்கு. ஞாபகம் இருக்கட்டும்" என்று தமிழிலேயே சொல்லிச் சிரித்தார். மகனே, நீ யாருக்காகப் பிணை நிற்பாய், உனக்காக யார் நிற்பார்கள் என்பதை நல்ல நாளிலேயே யோசித்து வைத்துக்கொள். தோடு அன்றைக்கே திரும்ப அம்மாவின் காதில் ஏறிவிட்டது.

இந்தச் சொற்களெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். போன வாரம் எங்கள் பாடசாலைக்கு ஒரு சட்டத்தரணி வந்தார். இளம் பெண், மாத்தளைக்காரர், தமிழ் பேசுகிறவர். நீதிமன்றச் சொற்களைப் பலகையில் எழுதி ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "மிஸ், விவாகரத்துக்கு எவ்வளவு நாள் எடுக்கும்?" என்று கேட்டாள். "தங்கச்சி, மொதல்ல கலியாணத்தக் கட்டுங்க, பொறகு பாப்பம்" என்றார். வகுப்பு இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பலகையில் அவர் அடுத்து எழுதியிருந்தது 'எதிரி' என்ற சொல். குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கோட்டில் அப்படித்தான் சொல்வார்களாம். அப்பாவை நினைத்துக்கொண்டேன். எங்கள் தெரு நாய்க்குக்கூட எதிரியாக இருக்கத் தெரியாதவர் அவர்.

எல்லோரும் போன பிறகு நான் அவர் பின்னாலேயே போனேன்.

"மிஸ், ஒரு கூட்டாளியோட அப்பாவுக்கு ஒரு வழக்கு இருக்கு."

"கூட்டாளிக்கா?"

"ஆமா மிஸ்."

"கூட்டாளி வழக்குக்கு உங்க கை ஏன் இப்பிடி நடுங்குது?"

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் அதற்கு மேல் குடையவில்லை. பொலிஸில் பெயர் கொடுக்காத ஒரு ஆள் சாட்சி சொல்ல முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். எதிரிப் பக்கத்துக்கும் சாட்சி கூப்பிட உரிமை இருக்கிறது. ஆனால் குறுக்கு விசாரணை இருக்கும். சாட்சி சொன்னது சரியா என்று மற்றப் பக்கத்தார் கேள்வி கேட்டுப் பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர்.

"இவ்வளவு நாள் எங்க இருந்தீங்கன்னு கேப்பாங்களா, மிஸ்?"

"கட்டாயம் கேப்பாங்க."

"அப்ப என்ன சொல்றது?"

"எங்க இருந்தாங்களோ அதச் சொல்றது. அதுக்கு மேல மனப்பாடம் பண்ண ஒண்ணும் இல்ல."

பொலிஸில் அப்பா மாற்றிச் சொன்னதைப் பற்றியும் கேட்டேன். அதைச் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், எப்படிக் கோட்டுக்குச் சொல்வது என்பதை அவர் பார்த்துக்கொள்வார் என்றார். வழக்கு அடுத்த வியாழக்கிழமை என்றேன், அன்றைக்கு யாரும் சாட்சிக் கூண்டில் ஏறத் தேவையில்லை என்றும் சொன்னார். அன்றைக்கு வேண்டியது அந்த ஒரு சொல் மட்டும்தான். சுற்றவாளி என்று சொன்னால் வழக்கை வேறு ஒரு திகதிக்கு விளக்கத்துக்குப் போடுவார்கள். அதாவது அன்றைக்குத்தான் சாட்சிகளைக் கூப்பிட்டு உண்மையில் விசாரிப்பார்கள். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது வழக்குப் போட்டவர்கள். நியாயமான சந்தேகம் எதுவும் மிஞ்சாமல் நிரூபிக்க வேண்டும். குற்றவாளி என்று சொல்லிவிட்டால் நிரூபிக்க ஒன்றுமில்லை, பார்த்தவளைக் கேட்கவும் ஒன்றுமில்லை. ஆள் காயப்பட்ட வழக்கு என்பதால் லைசன்ஸே போகலாம், நஷ்டஈடு கேட்டு வேறு வழக்கும் வரலாம். டயர் வழக்கு மாதிரி இல்லை இது. "வியாழக்கிழமை காலையில நான் கோட்டுலதான் இருப்பேன். வெள்ளனவே வந்து என்னைப் பாக்கச் சொல்லுங்க, உங்க கூட்டாளிய" என்றார். கூட்டாளி என்று சொல்லும்போது சிரித்தார். விடிந்தால் வியாழக்கிழமை.

இன்று மாலை அம்மா குழாயடிக்குப் போன நேரம் பார்த்து அப்பாவிடம் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"வழமையாச் சொல்றதுதான். முதலாளியும் அதத்தான் சொன்னாரு. முடிச்சிட்டு வான்னு."

"நீங்க செய்யலையேப்பா."

"அங்க செஞ்சவன் செய்யாதவன் எல்லாம் ஒரே வரிசைதான் பாப்பா."

"வரிசை ஒண்ணுதான். கேள்விய ஆளாளுக்குத் தனியாத்தான் கேப்பாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வாய் நிற்கவில்லை. லோயர் மிஸ்ஸிடம் பேசியது, விளக்கம், சாட்சி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"நீ அங்க இல்ல. ஒன்னயக் கூண்டுல ஏத்தி நாலு பேரு கேள்வி கேக்கவா ஒன்னப் பெத்தேன்?"

"தவணைக்குப் போனா லோட்டு போகும்னு சொல்றீங்க. லைசன்ஸ் போனா எந்த லோட்டப்பா தூக்குவீங்க?"

அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றார். இல்லை என்றேன். "கோட்டுப் படி ஏறின பொண்ணுன்னு ஊரு பேசும்னு ஒப்பாரி வைப்பா." "பேசட்டும்ப்பா. நீங்க செய்யாததச் செஞ்சேன்னு சொன்னா அதையும்தான் பேசுவாங்க." வெளியே வாளிச் சத்தம் கேட்டது. அப்பா அவசரமாகக் கையைக் கழுவினார். என்னைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னார். "ராவைக்கு நெனச்சுப் பாக்குறேன். கூட்டிட்டுப் போறதா இருந்தா விடிய வந்து கதவத் தட்டுவேன். அம்மாகிட்டயும் நானே சொல்றேன். தட்டாட்டி நீ பள்ளிக்கூடம் போ. என்ன?" நான் தலையாட்டினேன்.

அதனால்தான் தூங்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா தட்டினால் அது அப்பாதான் என்று எனக்குத் தெரிந்துவிடும். நான் பெரியபிள்ளையான நாளிலிருந்து அவர் தட்டாமல் இந்த அறைக்குள் வந்ததில்லை. அம்மா ஒரு நாளும் தட்டியதில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றுதான் பெயரைச் சொல்வாள். வெள்ளைச் சீருடையை மடிப்புக் கலையாமல் கதிரையின் சாய்மானத்தில் போட்டு வைத்திருக்கிறேன். பாடசாலைக்கும் அதுதான், கோட்டுக்கும் அதுதான்.

எனக்குப் பயமில்லை என்று நினைத்துவிடாதே. காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கச் சொன்னாலே நான் கூட்டாளிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அந்த உயரமான மேசையை, கறுப்புக் கோட்டுகளை, என் வாயிலிருந்து தப்பாக ஒரு சொல் விழுந்து அப்பாவை உள்ளே தள்ளிவிடுமோ என்பதை, எல்லாவற்றையும் நினைத்து நினைத்துப் பயப்படுகிறேன். ஆனால் இதெல்லாம் என்னவென்று தெரியாமல் கிடந்த நாட்களில் இதைவிடப் பயந்தேன். பிடியாணை என்ற சொல்லைக் கேட்டு நானும் அம்மாவும் ஒரு இரவு முழுக்கக் கதவடைத்துக்கொண்டு கிடந்தோம். கூப்பிட்ட திகதிக்குப் போகாதவரைத்தான் அதை வைத்துப் பிடிப்பார்கள், ஒழுங்காகப் போகிறவருக்கு அது வராது என்று தெரிந்திருந்தால் நிம்மதியாகப் படுத்திருப்போம். பெயர் தெரிந்த பிறகு ஒவ்வொன்றும் கொஞ்சம் சின்னதாகிவிடுகிறது.

நீ லொறி ஓட்டுவாயோ, கந்தோரில் மேசை போட்டு உட்காருவாயோ, எனக்குத் தெரியாது. என்றைக்காவது உன் பெயருக்கும் ஒரு அழைப்பாணை வரலாம். வந்தால் ஒளிந்துகொள்ளாதே. விளங்காத மொழியில் கேட்டால், விளங்கவில்லை, தமிழில் சொல்லுங்கள் என்று கேள், அதற்கு அங்கே ஆள் இருக்கிறது. செய்திருந்தால் செய்தேன் என்று தலை நிமிர்ந்து சொல், தண்டத்தைக் கட்டு, உன் பிள்ளைக்கு மாலுபாண் வாங்கிக்கொண்டு போ. செய்யாததை மட்டும், வேலை கெடுகிறது என்பதற்காகவோ, வரிசை நீளமாக இருக்கிறது என்பதற்காகவோ, செய்தேன் என்று சொல்லாதே. உன் மகள் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் அவளைப் பஸ் ஏற்றி அனுப்பிவிடாதே.

சேவல் கூவுகிறது. அப்பா எழும்பிவிட்டார், இருமல் கேட்கிறது. இப்போது குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம். இப்போது முன் கதவின் தாழ்ப்பாள்.

தாழ்ப்பாள் திறந்துவிட்டது, மகனே. படியில் செருப்புச் சத்தம். போய்விட்டார் என்று நினைக்கிறேன். முதல் பஸ் சந்திக்கு வருகிற நேரம்தான். பரவாயில்லை. தனியாகப் போனாலும் வழியெல்லாம் நான் சொன்னது அவர் காதில் கேட்கும். வரிசையில் நிற்கும்போதாவது அந்தச் சொல் அவருக்கு ஞாபகம் வரட்டும். உனக்கு இன்னும் ஒரே ஒரு சொல் சொல்லாமல் விட்டுவிட்டேன், தீர்ப்பு. தீர்ப்பு என்பது எல்லோரையும் கேட்ட பிறகுதான் வரும், முதலில் வராது. அதனால் அது வருவதற்கு முன்னால் நாமாகவே

தட்டுகிறார்